ஓரத்து வண்டுகள்

வாழவந்தி நாடு,
கொல்லிமலை.
3.6.2024

அன்புள்ள கவிதா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

முதலில் நல்ல சேதி. ஆட்டப் பெட்டி மலை ஏறிவிட்டது. சேந்தமங்கலத்து ஆசாரி செய்து கொடுத்த பெட்டியையும் டிவியையும் முரளி தன் பிக்கப் வண்டியில் கயிறு கட்டிக் கொண்டுவந்து சேர்த்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. “உன்ற டிவி எங்கயும் எறங்கி ஓடிறாது, முன்னால பாத்து உக்காரு புள்ள” என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எங்கள் டீக்கடையில் இறக்கி, பிளக்கைச் சொருகி, திரையில் வெளிச்சம் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கடையில் சமையல் பார்க்கும் பாப்பாத்தி, வடைச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள். “இது டிவிங்களா, கம்ப்யூட்டருங்களாக்கா?” என்றாள். முன்பெல்லாம் காசு போட்டு ஆடும் பெரிய பெட்டிகள் இருந்தன, அதற்குள் இருந்த ஆட்டத்தை இப்போது ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கிறோம், இதுதான் அந்தப் பழைய பெட்டி என்று ஆட்டத்தை நம்ப வைப்பதற்கு எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது என்றெல்லாம் விளக்கினேன். கோயமுத்தூர் கேம் சென்டரில் பெட்டிகளை ரிப்பேர் செய்துகொண்டிருந்த காலத்தில்கூட இவ்வளவு பொறுமையாக யாருக்கும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏமாத்தி ஓட்டறீங்களா? பாவமுங்க அது” என்றாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். வண்டுகளைச் சுடுகிற இந்த ஆட்டம் உயரமான ஆட்டம். டிவி அகலமானது. ஆட்டத்தை நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் காலியாக நிற்கிறது, அந்தக் காலி இடத்துக்குப் படம் போட்டுக் கொடு என்றுதான் கேட்டேன். நீ என்ன செய்திருக்கிறாய்? மேலே வானம், கீழே நெல் வயல், இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் அன்னாசித் தோட்டம், நடுவில் தபால் தலை அளவுக்கு ஆட்டம். வண்டு எது, தூசி எது என்று தெரியாமல் திரையைத் துணியால் துடைத்தேனடி.

படம் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வருகிறவர்கள் ஆடத்தானே வருகிறார்கள்? ஆடிப் பதினெட்டுக் கூட்டத்துக்கு முன்னால் பெட்டி தயாராக வேண்டும். ஓரத்தோடு நிறுத்திக்கொள், தாயே.

வாட்ஸப்பில் அனுப்பினால் படம் நசுங்கிப் போகிறது. அதனால் பென்டிரைவை சேலம் பஸ் கண்டக்டரிடமே கொடுத்துவிடு. கூடவே கடிதமும் வை. போனில் என்றால் நீ என்னைப் பேசவே விடுவதில்லை.

உன்,
அருள்மொழி

---

சேலம்
9.6.2024

அடி அருளு,

தபால் தலையா? இருக்கட்டும், இருக்கட்டும்.

உன் கடிதத்தை அச்சகத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். துணியால் துடைத்த இடம் வந்ததும் சிரித்துவிட்டேன். முதலாளி எட்டிப் பார்த்தார். அப்போது என் திரையில் ஒரு காதுகுத்து பேனர் இருந்தது. தாய்மாமன் முகத்தை இன்னும் பெரிசாக்கு, பின்னால் இருக்கிற பூவை எடுத்துவிடு என்று ஆள் வந்து நின்றிருந்தார். என் பிழைப்பே இதுதான் அருளு. முகம் பெரிசாகும், பூ சின்னதாகும். உன் டிவியிலாவது பூவுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்று ஆசைப்பட்டுவிட்டேன். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் உன் ரெக்கார்டு நோட்டுக்கெல்லாம் படம் போட்டுக் கொடுத்தபோது நீ ஒரு நாளும் அளவு சொன்னதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்.

சரி, இறங்கி வந்துவிட்டேன். வானமும் வயலும் போய்விட்டன. ஆட்டம் மேலிருந்து கீழ் வரை முழு உயரத்துக்கும் நிற்கும். இரண்டு பக்கமும் மட்டும் படம். உங்கள் காட்டில் பார்த்த மாதிரி, இடது பக்கம் ஒரு சில்வர் ஓக் மரம், வலது பக்கம் ஒன்று. இரண்டிலும் மிளகுக் கொடி. இன்றைய ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு இலையாக வரைந்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, “இதுக்குக் காசு தாராங்களா?” என்று கேட்டார். தேன் தருவார்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

போட்டுப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
கவிதா

---

வாழவந்தி நாடு
17.6.2024

அன்புள்ள கவிதா,

பென்டிரைவ் பத்திரமாக வந்தது. தேன் பாட்டிலை இன்றைய பஸ்ஸில் கொடுத்திருக்கிறேன், மூடியை இறுக்கித்தான் வைத்திருக்கிறேன்.

மரங்களைப் பார்த்ததும் முரளி திரைக்குப் பக்கத்தில் போய், “இதென்ன, நம்ம காட்டுக் கொடியாட்டவே இருக்குது” என்று விரலால் தொட்டார். அவர் என்னைக்கூட அப்படிப் பாராட்டியதில்லை. எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு குறை. ஆட ஆரம்பித்தால் உன் கொடி உள்ளே வந்துவிடுகிறது. வண்டுகள் மேலிருந்து இறங்கி வந்து, ஓரமாகச் சுற்றி நம்மைத் தாக்க வேண்டும். அந்த ஓரம் எனக்குத் தெரியவே மாட்டேன் என்கிறது. இலைக்கு அடியிலிருந்து குதிக்கிற மாதிரி திடீரென்று வந்து விழுகின்றன. ஒரு விரல் அகலமாவது இரண்டு பக்கமும் வெளியே தள்ளு.

இதில் பெரிய அவமானம் என்ன தெரியுமா? ஜாய்ஸ்டிக்கை வாழ்நாளில் தொடாத பாப்பாத்தி என்னைவிட அதிக பாயின்ட் எடுத்துவிட்டாள். இத்தனை வருஷம் இந்தப் பெட்டிகளோடு குடும்பம் நடத்தியவள் நான். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஆடுகிறாள்.

மற்றபடி சேதி ஒன்றுமில்லை. போன வாரம் ஸ்கூட்டரில் சோளக்காட்டுச் சந்தைக்குப் போகும்போது ஓரத்தில் நின்ற மைல்கல்லை உரசிவிட்டேன். எனக்கு அடி இல்லை, வண்டிக்குத்தான். முரளி சாவியை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டார், கேட்டால் தெரியாது என்கிறார். அடிக்கடி தலைவலி வருகிறது. வெயில்தான். அப்புறம், உன்னிடம் மட்டும் சொல்கிறேன், மாதவிலக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. நாற்பதுகூட ஆகவில்லை, அதற்குள் கிழவியாகிவிட்டேன் போல. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

உன்,
அருள்மொழி

---

சேலம்
22.6.2024

அருளுக்கு,

தேன் வந்தது. பாட்டில் மூடி இறுக்கமாக இருந்தது, பாட்டில்தான் கண்டக்டர் பைக்குள் படுத்திருந்தது. அவருடைய டிக்கெட் கட்டு முழுக்க இனிப்பு. அவரிடம் இன்னும் ஒரு மாதத்துக்கு நல்ல பெயர் வாங்க முடியாது.

உன் குறைக்கு வருகிறேன். உன் கடிதம் வந்ததும் படத்தைத் திறந்து அளந்து பார்த்தேன். நடுவில் ஆட்டத்துக்கான இடத்தை நான் வெட்டி எடுத்துவிட்டிருக்கிறேன், அது வெறும் ஓட்டை. ஒரு இலை நுனி கூட அந்த ஓட்டைக்குள் இல்லை. ஒரு புள்ளி கூட இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கொடியை வெளியே தள்ளி, ஆட்டத்துக்கும் இலைக்கும் நடுவே நீ கேட்ட விரல் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். இதனால் மரத்தில் பாதி போய்விட்டது. பரவாயில்லை.

ஒன்று கேட்க வேண்டும். இந்த மறைக்கிற விஷயத்தை பாப்பாத்தியும் சொல்கிறாளா?

தலைவலி, மாதவிலக்கு எல்லாவற்றையும் வெயில் மேல் போடாதே. மலையில் என்னடி அப்படி ஒரு வெயில்? விசேஷம் ஏதாவது இருக்குமோ என்று எனக்கு ஒரு ஆசை. எதுவானாலும் டாக்டரிடம் காட்டு. ஸ்கூட்டர் சாவி ஒளிந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
கவிதா

---

வாழவந்தி நாடு
1.7.2024

கவிதாவுக்கு,

விசேஷம் ஒன்றும் இல்லை. கிட் வாங்கிப் பார்த்துவிட்டேன்.

புதுப் படத்தையும் போட்டேன். இன்னும் மறைக்கிறது. அளந்தேன், அளந்தேன் என்கிறாய். கம்ப்யூட்டரில் அளப்பது வேறு, பெட்டிக்கு முன்னால் நின்று ஆடுவது வேறு. நான் ஆடிப் பார்த்துச் சொல்கிறேன், நீ ஸ்கேலை வைத்துக்கொண்டு பதில் சொல்கிறாய். பாப்பாத்தியைக் கேட்டாய் அல்லவா, கேட்டேன். “எல்லாம் நல்லாத்தானுங்க தெரியுது, கவிதாக்கா எலைய எவ்வளவு அழகா எழுதிருக்குது” என்கிறாள். நீ வரும்போதெல்லாம் அவளுக்குச் சேலத்துக் குண்டுமல்லி வாங்கி வருகிறாய், வேறு என்ன சொல்வாள்?

கோபித்துக்கொள்ளாதே. அலங்காரம் அலங்காரமாக இருக்க வேண்டும். ஆட்டம்தான் முக்கியம், ஓரம் ஓரம்தான். உனக்கு உன் மரத்தை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை என்றால் சொல்லிவிடு. நாமக்கல்லில் ஒரு பையன் இதே மாதிரி படம் செய்து தருகிறானாம். ஆடி நெருங்குகிறது, எனக்கு நாள் இல்லை.

இன்று தலைவலி அதிகம், இத்தோடு நிறுத்துகிறேன்.

அருள்மொழி

---

சேலம்
4.7.2024

அருள்மொழிக்கு,

இந்தப் பென்டிரைவில் இருப்பதைப் போட்டுப் பார். இதுவும் மறைக்கிறது என்றால் எழுது. நாமக்கல் பையனிடம் தாராளமாகக் கொடுத்துக்கொள்.

கவிதா

---

வாழவந்தி நாடு
9.7.2024

அன்புள்ள கவிதா,

கோபமாக இருக்கிறாய் என்று கடிதத்தின் நீளத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முழுப் பெயர் எழுதி என்னை நீ கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது! நான் அன்றைக்குத் தலைவலியில் எழுதிவிட்டேன். பையனும் இல்லை, ஒன்றும் இல்லை. முரளியின் நண்பர் சொன்ன ஒரு பேச்சு, அவ்வளவுதான்.

இந்த முறை மரத்தையும் கொடியையும் எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் வெறும் கறுப்புப் பட்டையாக அடித்துவிட்டாய். இதுவும் ஒரு விதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கவிதா, உண்மையைச் சொன்னால் அடிப்பாய். கறுப்புப் பட்டையையும் நீ அகலமாகத்தான் போட்டிருக்கிறாய். ஓரத்து வண்டுகள் இப்போதும் அதற்குள்ளிருந்துதான் வருகின்றன. முன்பைவிட மோசம் என்றுகூடச் சொல்லலாம். வலது பக்கம் வந்தவனை நான் பார்க்கவே இல்லை, பார்த்தபோது செத்திருந்தேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் உனக்கு? கொஞ்சம் குறைத்தால் உன் மதிப்பு குறைந்துவிடுமா?

நேற்று டீ டம்ளர்கள் அடுக்கிய தட்டைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டேன். பாப்பாத்தி பக்கத்திலேயே நின்றிருந்தாளாம். நான் கவனிக்கவில்லை. வயதாகிறது.

உன்,
அருள்மொழி

---

சேலம்
11.7.2024

என் அருளு,

இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்துகொள்.

அந்தப் பென்டிரைவில் படமே இல்லை. கோபத்தில் அதிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வெறும் ஆட்டத்தை மட்டும் ஓடுகிற மாதிரி வைத்து அனுப்பினேன். கறுப்புப் பட்டை எதையும் நான் அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் நீ பார்த்தது டிவியின் காலி இடம். ஆட்டத்துக்கு மேலே எதுவும் இல்லை அருளு. ஓரத்தை மறைப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கைதட்டினேன். மாட்டிக்கொண்டாள், என் படத்தின் மேல் வீண் பழி போட்டாள் என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நீ வாய்த்துடுக்குக்காரி, பொய் சொல்கிறவள் இல்லை. தெரியவில்லை என்று நீ சொன்னால் உனக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். மைல்கல் ஓரத்தில் நின்றது. டம்ளர் ஓரத்தில் இருந்தது. பாப்பாத்தி பக்கத்தில் நின்றாள். பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அச்சகத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கடை இருக்கிறது. அங்கே கண் சோதிக்கும் பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், தலைவலியையும் மாதவிலக்கையும் சேர்த்து. நான் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை. “ஒடனே கூட்டிட்டு வாங்கக்கா, தள்ளிப் போடாதீங்க” என்றாள். வீட்டிலேயே செய்துபார்க்க ஒரு சோதனை சொன்னாள். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொள். எதிரே பாப்பாத்தியை உட்காரவைத்து அவள் மூக்கையே பார். அவள் தன் கையைத் தூரப் பக்கவாட்டில் நீட்டி, விரலை ஆட்டிக்கொண்டே மெல்ல உள்ளே கொண்டுவரட்டும். விரல் எப்போது தெரிகிறது என்று சொல். பிறகு அடுத்த கண்.

முரளி அண்ணனிடம் போனில் சொல்லிவிட்டேன். அவர் சொன்னால் நீ சிரித்துத் தள்ளிவிடுவாய் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ வா. சேலம் பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். பெட்டி, ஆடி, கூட்டம் எல்லாம் எப்படியோ போகட்டும்.

உன்,
கவிதா

---

வாழவந்தி நாடு
22.7.2024

அன்புள்ள கவிதா,

ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். பஸ்ஸில் முரளி என் கையை விடவே இல்லை. ஊரெல்லாம் பார்க்கிறதே என்றேன். “பாத்தாப் பாக்கட்டும், உனக்குத்தான் தெரியாதே” என்றார். சிரித்தபடி சொன்னார், கண் கலங்கியிருந்தது.

சேலத்தில் இருந்த நான்கு நாளும் நீ வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாய். உள்ளே என்ன நடந்தது என்று உனக்கு நான் சரியாகச் சொல்லவில்லை. சொன்னால் அழுதிருப்பேன்.

முதலில், உன் கண்ணாடிக்கடைப் பெண் சொன்னதை இங்கேயே செய்து பார்த்தேன். பாப்பாத்தி கையை உள்ளே கொண்டுவந்தாள், கொண்டுவந்தாள், கொண்டுவந்துகொண்டே இருந்தாள். ஆரம்பி என்று நான் கத்தினேன். “ஆரம்பிச்சு எத்தன நேரமாச்சுங்கக்கா, உங்க காதத் தாண்டி முன்னால வந்தாச்சு” என்று சொல்லி அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளி, அதையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே வெளிச்சப் பொட்டு தோன்றும், பார்த்தவுடன் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். பொத்தானைக் கையில் கொடுத்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. இது நம் தொழில்தானே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கவிதா, ரொம்ப நேரம் ஒரு பொட்டும் வரவில்லை. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து, “ஏனுங்க சிஸ்டர், ஓடுதுங்களா?” என்று கேட்டேன். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றார். பிறகு ஒரு தாளைக் காட்டினார்கள். இரண்டு கண்ணுக்கும் வெளிப்பக்கம் முழுக்கக் கறுப்பு.

ஸ்கேன் பார்த்த டாக்டர் நிதானமாகச் சொன்னார். மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் கட்டி வந்து, இரண்டு கண் நரம்புகளும் ஒன்றை ஒன்று கடக்கிற இடத்தை நெருக்குகிறது. அதனால்தான் இரண்டு ஓரமும் போயிருக்கிறது, மாதவிலக்கு நின்றதும் அதனால்தான். புற்று இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் முரளி உட்கார்ந்தார். அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இந்த வகைக்குக் கத்தி வேண்டாம், வாரத்துக்கு இரண்டு முறை மாத்திரை, கட்டி தானாகச் சுருங்கும் என்றார். பார்வை திரும்புமா என்று கேட்டேன். பெரும்பாலும் திரும்பும், ஆனால் இன்னும் சில மாதம் விட்டிருந்தால் நான் இப்படிச் சொல்லியிருக்க முடியாது என்றார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், சேலத்தில் பேனர் அடிக்கிறாள் என்றேன்.

பெரும்பாலும் என்ற அந்த ஒரு சொல்தான் என்னைத் தூங்கவிட மாட்டேன் என்கிறது. கத்தி இல்லை என்று நிம்மதி, புற்று இல்லை என்று நிம்மதி. இருந்தாலும் இப்போது தெரிந்துவிட்டதால் நடக்கவே கூச்சமாக இருக்கிறது. பெட்டியை மூடி வைத்துவிட்டேன்.

உன்,
அருளு

---

சேலம்
27.7.2024

என் அருளு,

மாத்திரை சாப்பிட்டாயா? சாப்பிட்டதும் குமட்டினால் ராத்திரி படுக்கும்போது போடச் சொன்னார்கள், மறந்துவிடாதே.

டாக்டர் கட்டி என்று சொன்னாரென முரளி அண்ணன் வந்து சொன்னபோது என் கையில் இருந்த காப்பியை என் புடவை மேலேயே ஊற்றிக்கொண்டேன். அந்தப் புடவையை இன்னும் துவைக்கவில்லை, துவைக்கத் தோன்றவில்லை. இப்போது உன் கடிதம் வந்து, அதில் சிஸ்டரிடம் மெஷின் ஓடுகிறதா என்று நீ கேட்டதைப் படித்த பிறகுதான் நீ நீயாகவே இருக்கிறாய் என்று தெம்பு வந்தது.

பெட்டியை மூடி வைக்காதே. இந்தப் பென்டிரைவில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று வருகிறவர்களுக்கு: ஆட்டம் முழு உயரத்துக்கு, ஓரத்தில் மரங்கள். இன்னொன்று உனக்கு மட்டும். ஓரத்தைத்தானே உன் கண் விட்டுவிடுகிறது, நடுவில் இருப்பது தெரிகிறது அல்லவா? அதனால் ஆட்டத்தைச் சின்னதாக்கி நட்ட நடுவில் வைத்திருக்கிறேன். சுற்றி மீதி இடமெல்லாம் என் படம். நீ கொஞ்சம் பின்னால் தள்ளி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆடு. வண்டு எல்லாம் உன் பார்வைக்குள்ளேயே நிற்கும். எனக்கு வேண்டிய அளவு வானம் கிடைத்துவிட்டது, உனக்கு வேண்டிய அளவு வண்டு கிடைத்துவிட்டது. தபால் தலை என்று சொன்னால் நேரில் வந்து உதைப்பேன்.

உன்,
கவிதா

---

வாழவந்தி நாடு
6.8.2024

அன்புள்ள கவிதா,

ஆடிக் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. அருவிக்குப் போய்விட்டு வந்தவர்கள் ஈரத் துணியோடு பெட்டி முன்னால் வரிசையில் நின்றார்கள். மரங்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தவர்களும் உண்டு. யார் வரைந்தது என்று கேட்டவர்களிடம் பாப்பாத்தி உன்னைப் பற்றிச் சொன்னதில் பாதி பொய், நீ சென்னையில் பெரிய ஆளாம்.

கடை அடைத்த பிறகு என் சின்ன ஆட்டத்தைப் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து ஆடினேன். எல்லா வண்டும் தெரிந்தது. எது எங்கிருந்து வருகிறது என்று முழுசாகத் தெரிந்தது. எத்தனை நாளாக நான் பாதி ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. கொஞ்ச நேரம் அழுதேன், முரளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழுதது நல்லதுக்குத்தான், மனசு லேசாகிவிட்டது.

தலைவலி குறைந்திருக்கிறது. அடுத்த சோதனைக்கு செப்டம்பரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

உன்,
அருளு

---

வாழவந்தி நாடு
19.9.2024

கவிதாவுக்கு,

போன வாரம் சோதனைக்கு வந்தபோது நீ திருப்பூருக்குக் கல்யாண பேனர் வேலையாகப் போயிருந்தாய். பார்வை திரும்பிக்கொண்டிருக்கிறது என்று முரளி போனில் சொல்லிவிட்டார், நான் எழுதுவேன் என்று அவரை அதற்கு மேல் பேசவிடவில்லை.

அந்தக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தேன். பொட்டு வந்தது. அமுக்கினேன். மறுபடி வந்தது. மேலே, கீழே, காதுப் பக்கம், எங்கெங்கோ வந்துகொண்டே இருந்தது. கட்டைவிரல் வலிக்கிற அளவுக்கு அமுக்கினேன். சிஸ்டர், “மெதுவாங்க, பொத்தான் ஒடஞ்சுரும்” என்றார். புதுத் தாளில் இடது மூலையில் மட்டும் கொஞ்சம் கறுப்பு இருக்கிறது, அதுவும் போய்விடும் என்கிறார்கள். கட்டி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. மாதவிலக்கும் வந்துவிட்டது. அது வந்ததற்காக ஒருத்தி சாமிக்குக் கற்பூரம் கொளுத்தியது இந்த மலையில் இதுதான் முதல் முறையாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சின்ன ஆட்டத்தை எடுத்துவிட்டு, எல்லோரும் ஆடும் பெரிய ஆட்டத்தையே போட்டு ஆடினேன். இப்போது ஒரு புகார். கோபப்படாமல் கேள். வலது பக்க மரத்தில், மேலே, இலைக்கு நடுவே ஒரு ஓணானை வரைந்து வைத்திருக்கிறாய். அது தலையைத் தூக்கிக்கொண்டு ஆட்டத்தையே பார்க்கிறது. நான் ஆடும்போது என் கண் அதன் மேலேயே போகிறது. அதைப் பார்த்து மூன்று முறை செத்துவிட்டேன். பாப்பாத்தி மறுபடியும் ஜெயித்துவிட்டாள். கூட்டத்துக்கு இது புதுசாகச் சேர்த்ததா? ஓரத்தில் இவ்வளவு கவர்ச்சியாக ஒன்று உட்கார்ந்திருந்தால் ஆடுவது எப்படி? தயவு செய்து அந்த ஓணானை எடுத்துவிடு.

உன்,
அருளு

---

சேலம்
23.9.2024

என் தங்கமே,

உன் புகாரை அச்சகத்தில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் முதலாளி, “யாருக்கு என்ன ஆச்சும்மா?” என்று பதறி ஓடிவந்தார். என் சிநேகிதிக்கு ஓணான் இடைஞ்சலாக இருக்கிறதாம் சார் என்று சொல்லி அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு, பாதி நாள் லீவும் கொடுத்துவிட்டார். அம்மா அந்த வரியை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

அது புதுசு இல்லை அருளு. ஜூன் மாதம் மரத்தை வரைந்த அன்றைக்கே வரைந்தது. கொடியை வெளியே தள்ளியபோதும் மரத்தைப் பாதியாக்கியபோதும் அதை மட்டும் பத்திரமாக நகர்த்தி நகர்த்தி வைத்தேன். நீ ஒரு வார்த்தை அதைப் பற்றிச் சொல்வாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் தேடினேன். சொல்லாதபோது, பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஓணானை எடுக்க மாட்டேன். உன்னால் ஆனதைப் பார்த்துக்கொள்.

உன்,
கவிதா